ஆடி போகட்டும்

பிரிண்டர் வாங்குவதாக இருந்தால் அட்டைப்பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், உள்ளே என்ன சிப் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் இ-சேவை மையம் வைத்திருக்கும் நான், பட்டா மாறுதலுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் வருகிறவர்களுக்கெல்லாம் ஓசியில் தருகிற புத்திமதி இது. பட்டுத் தெரிந்துகொண்டது. காசு கொடுத்து வாங்கும் இயங்குதளத்தின் புதுப் பதிப்பு, "உன் கம்ப்யூட்டர் கிழடாகிவிட்டது, இதில் நான் ஓட மாட்டேன்" என்று முறுக்கிக்கொண்ட வருஷம், கடையில் இருந்த எல்லா மெஷினையும் லினக்ஸுக்கு மாற்றினேன். எல்லாம் ஒழுங்காக ஓடின. வைஃபை குச்சிதான் மக்கர் பண்ணியது. ஒரே கடையில், ஒரே பெயரில், ஒரே நிறத்தில் இரண்டு வாங்கியிருந்தேன். ஒன்று செருகியதும் பிடித்துக்கொண்டது. இன்னொன்று, சீர்வரிசையில் குறை கண்ட சம்பந்தி மாதிரி, கடைசி வரைக்கும் முகம் கொடுக்கவில்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே வேறு சிப். பெயரை மாற்றாமல் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றி விற்றிருக்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்தவள் வீட்டில்தான் அது மறுபடியும் நடந்தது. இந்த முறை ஓடவேண்டியது பிரிண்டர் இல்லை, என் வீட்டுக்காரர்.

அவர் பெயர் திருமூர்த்தி. ஆறு வருஷத்துக்கு முன்னால் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே விழுந்தார். மூளையின் அடித்தண்டில் ரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். கை, கால், நாக்கு எதுவும் அசையாது. வலது கண்ணிமை மட்டும் சொன்னபடி கேட்டது. காது நன்றாகக் கேட்கும், புத்தி தெளிவாக இருக்கும், சாப்பாடு வயிற்றுக் குழாயில் போகும். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தாள். கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணைப் பார்க்கவேண்டும். திறந்தே இருந்தால் ஆமாம், இறுக மூடினால் இல்லை.

அதைப் பழகி முடிப்பதற்குள் பெட்டி வந்துவிட்டது. தலைக்குள் ஒரு சிப்பை வைத்தார்கள். நெஞ்சுக்கு மேலே, வெளியில், சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. அவர் மனசில் பேச நினைப்பதை சிப் பிடித்து அனுப்பும், பெட்டி வாய்விட்டுச் சொல்லும். பழைய போன் பதிவுகளில் இருந்து அவர் குரலையே எடுத்துப் போட்டிருந்தார்கள். ரேடியோ மாதிரி கணீரென்று பேசும் பெட்டி இருக்கும்போது இமையைப் பார்த்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்கள்? அந்தப் பயிற்சியை நாங்கள் மறந்தே போனோம். அந்தக் கண் மட்டும் அடிக்கடி இறுக மூடிக்கொள்ளும். காய்ந்துபோகிறது என்று டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். நானும் தவறாமல் விட்டேன்.

பெட்டி முதன்முதலில் பேசியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "சாப்பிட்டியா தமயந்தி?" என்றது. நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

ஏன் என்றால், அதற்கு முன்னால் அந்த மனுஷன் என்னை அப்படி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கருப்புச் சட்டைக்காரர். ஊரே கூடாது என்றது என்பதற்காகவே வீம்புக்கு ஆடி மாதத்தில் என்னைக் கல்யாணம் செய்துகொண்டவர். தாலி கிடையாது, ஐயர் கிடையாது, மாலையும் மைக்கும்தான். என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடமாட்டார், "ஏ புள்ள"தான். எங்கள் வீட்டில் என் சாமி படங்கள் எல்லாம் அரிசி டிரம்முக்குப் பின்னால் தலைமறைவாக வாழ்ந்தன. மகள் மிதுனா பழனியில் கல்யாணம் வைத்துக்கொண்டாள் என்று மண்டபத்துப் பக்கமே வரவில்லை. அதற்கப்புறம் அவளோடு பேசவும் இல்லை.

பெட்டி வந்த பிறகு எல்லாம் மாறியது. ஞாயிற்றுக்கிழமை மிதுனா பெங்களூரில் இருந்து கூப்பிடுவாள். "நல்லா இருக்கியா கண்ணு? மாப்பிள்ளை எப்படி இருக்காரு?" என்று பெட்டி கேட்கும். அவள் அந்தப் பக்கம் விம்முவது எனக்குக் கேட்கும். சாமி அலமாரியை ஹாலுக்குக் கொண்டுவரட்டுமா என்று பயந்து பயந்து கேட்டேன். "உன் இஷ்டம் தமயந்தி" என்றது. மூளையில் அடைப்பு வந்ததில் மனசில் இருந்த அடைப்பு விட்டுப்போய்விட்டது என்று நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த ஆறு வருஷமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஆனி மாதம் ஒரு செய்தி வந்தது. கம்பெனியை வேறு யாரோ வாங்கிவிட்டார்களாம். பெட்டிக்குள் இருக்கும் இயங்குதளம் புதிதாக மாறுகிறதாம். ஆகஸ்ட் கடைசியோடு பழையது நின்றுவிடுமாம். நான் உடனே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். பாட்டெல்லாம் பாடி முடித்து ஒரு பெண் வந்தாள்.

"மேடம், உங்க ஹார்டுவேர் பழைய தலைமுறை. புது சிஸ்டம் அதை சப்போர்ட் பண்ணாது. புதுசா மாத்திக்கலாம்."

"ஹார்டுவேர்னா எதுங்க, பொட்டியா?"

"இல்லைங்க மேடம், உள்ள இருக்கிற சிப்."

"உள்ளன்னா?"

"சாரோட தலைக்குள்ள."

அதற்கு மறுபடி மண்டையைத் திறக்கவேண்டும். இருதய டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார், இன்னொரு மயக்க மருந்தை இந்த இருதயம் தாங்காது என்று. அதைச் சொன்னேன்.

"அப்ப அவரு எப்படிப் பேசுவாரு?"

"உங்க வருத்தத்தைப் பதிவு பண்ணிட்டேன் மேடம். வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

வேறு என்ன உதவி? போனை வைத்துவிட்டேன்.

இம்தியாஸைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் மிதுனா. கோயமுத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் வாத்தியார். கம்பெனிகள் கைவிட்ட கருவிகளுக்கு எல்லாம் கட்டற்ற இயங்குதளம் எழுதித் தருகிற கூட்டத்தில் ஒருவர். யாரும் காசு வாங்குவதில்லை. அவருடைய அத்தாவுக்கும், அதாவது அப்பாவுக்கும், இதே சிப் இருந்ததாம், போன வருஷம் மவுத்தாகிவிட்டாராம். ஒரு சனிக்கிழமை வந்து, என் வீட்டுக்காரருக்கு சலாம் சொல்லிவிட்டு, அரைமணி நேரம் சிப்பின் விவரங்களைப் படித்தார். அப்புறம் சமையல்கட்டுக்கு வந்து டீயை வாங்கிக்கொண்டு பேசினார்.

"வழக்கமா என்னக்கா பண்ணுவோம்? சிஸ்டத்தை முடிவு பண்ணீட்டு, அது எந்த ஹார்டுவேர்ல ஓடும்னு பார்த்து வாங்குவோம். இங்க ஹார்டுவேர் தலைக்குள்ள இருக்குது, அதுல கை வைக்க முடியாது. அதனால அந்த சிப்போட பேசத் தெரிஞ்ச பொட்டியா இருக்கோணும். எங்க சிஸ்டமும் அந்தப் பொட்டில ஓடோணும். ரெண்டு பக்கமும் பொருந்தோணும்."

"மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் பொருத்தம் பார்த்தாப் பத்தாது, தரகருக்கும் பார்க்கோணும்ங்கறீங்க."

அவர் சிரித்தார். "அதேதான்க்கா. இதுவரைக்கும் நாங்க நாப்பது பொட்டிக்கு மேல ஓட்டிப் பார்த்தாச்சு. பொருந்துனது மூணு. அதுல ரெண்டு இப்ப வர்றதில்லை. மிச்சம் இருக்கறது கே-40 ஒண்ணுதான். அதுலயும் பொட்டிக்குள்ள பழைய சிப் இருக்கறது மட்டும்தான் ஓடும். இப்பப் புது சிப் போட்டும் விக்கறாங்க, வெளிய பார்த்தா வித்தியாசமே தெரியாது. அதனால வந்த அன்னிக்கே பிரிச்சு, மூடியக் கழட்டி, சிப் மேல இருக்கற எண்ணைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. தப்பா இருந்தா ஒரு வாரத்துக்குள்ள திருப்பி அனுப்பீட்டு வேற இடத்துல வாங்கிக்கலாம்."

"என்ற கிட்டயா சொல்றீங்க தம்பி? வைஃபை குச்சில பட்டவ நான்."

"இன்னொண்ணுக்கா. எங்க சிஸ்டத்துல பேச்சு கொஞ்சம் கரடுமுரடா இருக்கும். கம்பெனி சிஸ்டம் மாதிரி வழவழன்னு வராது."

"அது கெடக்குதுங்க. அவரு பேசுனாப் போதும்."

இம்தியாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் டீயைக் குடித்தார்.

ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று இரண்டு பெட்டிக்கு ஆர்டர் போட்டேன். ஆடி பிறந்த மறுநாள் வந்து சேர்ந்தன. இம்தியாஸ் கொடுத்த பட்டியலில் இருந்த அதே பெயர், அதே எண், முத்திரை உடையாத அட்டை. கையில் கத்திரிக்கோலோடு அவர் கட்டிலருகே போய் நின்றேன். எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. ஆடியில் புது மிக்சியைக்கூடப் பிரிக்காத குடும்பத்தில் பிறந்தவள் நான். அவருக்கு வாயைத் தருகிற சாமானை ஆடியில் பிரிப்பதா? ஆனால் அவரிடம் ஆடி, அமாவாசை என்று பேசினால் என்ன கிடைக்கும் என்று முப்பது வருஷ அனுபவம் இருக்கிறது. அதனால் பொதுவாகக் கேட்டேன்.

"ஏனுங்க, பொட்டி வந்துருச்சு. பிரிச்சுப் பார்த்தரட்டுங்களா?"

நெஞ்சுப் பெட்டியில் நீல விளக்கு வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகச் சுழன்றது.

"ஆடி போகட்டும் தமயந்தி" என்றது.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. ஆடியிலேயே கல்யாணம் செய்துகொண்ட மனுஷன், ஆடி போகட்டும் என்கிறார். எனக்காக. என் மனசில் இருப்பதைத் தெரிந்துகொண்டு, நான் கேட்காமலே, எனக்காக விட்டுக்கொடுக்கிறார். கத்திரிக்கோலை வைத்துவிட்டு இரண்டு அட்டைப்பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி அலமாரியில் முருகனுக்கு இரண்டு பக்கமும் வைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். சொட்டு மருந்து விட்டேன்.

மிதுனாவிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பாவா? ஆடியா? அம்மா, நீ ஏதோ சொக்குப்பொடி போட்டிருக்கே."

இம்தியாஸுக்கு, குங்குமப் பொட்டோடு அட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். எண் சரியாக இருக்கிறது, உள்ளே ஆவணி ஒன்றாம் தேதி பார்க்கலாம், வீட்டுக்காரரே சொல்லிவிட்டார் என்று எழுதினேன். இம்தியாஸ் விடைத்தாள் திருத்தும் முகாமில் மாட்டிக்கொண்டிருந்தார். "முடிஞ்சா இப்பவே பிரிச்சிருங்க அக்கா" என்று ஒரு வரி வந்தது. பிரிக்கலாம்தான். ஆனால் முப்பது வருஷத்தில் என் வீட்டுக்காரர் எனக்குக் கொடுத்த ஒரே ஒரு ஆடி அது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆவணி பிறந்தது. இம்தியாஸ் காலையிலேயே வந்துவிட்டார். நான் கேசரி கிண்டியிருந்தேன். முருகனுக்கு வலது பக்கம் இருந்த பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். அட்டையைப் பிரித்தார், குட்டித் திருப்புளியால் மூடியைக் கழற்றினார், போனின் விளக்கை அடித்துக் குனிந்து பார்த்தார். பார்த்தவர் நிமிரவே இல்லை.

"தம்பி?"

"புது சிப்புங்க்கா."

"இன்னொண்ணு இருக்குதில்ல."

அட்டையில் அச்சடித்திருந்த எண்ணைக் காட்டினார். இரண்டும் ஒரே நாளில், ஒரே லாட்டில் வந்தவை. பிரித்துப் பார்க்கவே தேவையில்லை. திருப்பி அனுப்பும் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கோயமுத்தூர், சென்னை, ஐதராபாத், புனே என்று ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டார். பழைய சிப் போட்ட பெட்டி எங்கேயும் இல்லை. எங்களைப் போலவே ஆகஸ்ட் கெடு வைத்துத் தவிக்கிறவர்கள், ஆடி பார்க்காதவர்கள், முந்திக்கொண்டு வாங்கிவிட்டார்கள்.

"உங்க அத்தாவோடது?" என்று கேட்டேன். கேட்கும்போதே நாக்கு கூசியது.

"ஈரோட்டுல ஒரு பொண்ணுக்குக் குடுத்துட்டேன்க்கா. காலேஜ் படிக்கிற பொண்ணு."

கேசரி ஆறிப்போனது.

"இதுல சுத்தமா ஓடாதுங்களா?"

"ஓடும். பத்து நிமிஷம் ஓடும். இந்தப் புது சிப்புல ஒரு பூட்டு இருக்குது. ஓட ஆரம்பிச்சதும், என்னை ஓட்டறது என்ற கம்பெனி சிஸ்டம்தானான்னு கேக்கும். பதில் கிடைக்கலைன்னா தன்னையே பூட்டிக்கும். அதுக்கப்புறம் அது வெறும் செங்கல்தான். நாங்க எத்தனையோ விதமா உடைச்சுப் பார்த்தாச்சு, முடியலை." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார், "வேணும்னா இந்த ஒண்ணை ஓட்டிப் பார்க்கறேன். பூட்டறப்ப என்ன நடக்குதுன்னு பதிவு எடுத்தா, பின்னால யாருக்காவது உதவும்."

சரி என்றேன். வேறு எதற்கு ஆகப்போகிறது அது.

இம்தியாஸ் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதுப் பெட்டியை என் வீட்டுக்காரர் நெஞ்சில் வைத்தார். லேப்டாப்பில் எழுத்துக்கள் ஓடின. முதலில் உஸ்ஸென்று காற்றுச் சத்தம். அப்புறம் ஒரு குரல். அவர் குரல் இல்லை, இம்தியாஸ் கூட்டத்தின் பொதுக்குரல், தகர டப்பாவைத் தேய்ப்பது போல.

"பிரி."

நான் இம்தியாஸைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"பிரி... ன்னு... சொன்னேன்."

"என்னங்க? ஆடி போகட்டும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

நீண்ட நேரம் உஸ்ஸென்றது. "நானா... ஆடியா?"

அந்தத் தகரக் குரலிலும் அது அவரேதான். இந்த உலகத்தில் அந்த ஏளனத்தோடு அந்தச் சொல்லைச் சொல்ல வேறு ஆள் கிடையாது.

"பொட்டி... பேசுது. நான்... இல்ல."

"ஏனுங்க, என்ன சொல்றீங்க?"

"கண்ண... பாரு. பொட்டிய விடு... கண்ண... பாரு... புள்ள."

புள்ள. ஆறு வருஷம் கழித்து. நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்தில் எவ்வளவோ கேட்டிருக்கலாம். நான் கேட்டதெல்லாம் தண்ணி வேணுமா, ஃபேன் வேணுமா, எங்காவது வலிக்குதா என்றுதான். கிடைத்த நிமிஷங்களில் பாதியை அழுதே தீர்த்தேன்.

"முதுகு" என்றது குரல்.

"எப்ப இருந்துங்க?"

"எப்பவும்."

அவர் முதுகு வலிக்கிறது என்று பெட்டி ஒரு நாளும் சொன்னதில்லை. நல்லா இருக்கேன் தமயந்தி, நல்லா இருக்கேன் தமயந்தி. இம்தியாஸ் என் தோளைத் தொட்டு, "அக்கா, முடியப்போகுது" என்றார். நான் எழுந்து அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தேன்.

"சொல்லுங்க. என்ன சொல்லோணும் சொல்லுங்க."

"ரொம்ப நாளா... உன்கிட்ட... ஒண்ணு..."

லேப்டாப்பில் எழுத்துக்கள் நின்றன. பெட்டியில் சிவப்பு விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தது. இம்தியாஸ் என்னென்னவோ தட்டினார். அது செங்கல் ஆகிவிட்டது.

இம்தியாஸை வாசல் திண்டில் உட்காரவைத்துக் கேட்டேன். "ஒளிக்காமச் சொல்லுங்க தம்பி. ஆறு வருஷமா என்ற கூடப் பேசுனது யாரு?"

"சிப்புல இருந்து வர்ற சிக்னல் எப்பவுமே அரைகுறைதான்க்கா. எங்க சிஸ்டம், தெளிவா வந்ததை மட்டும் சொல்லும், மீதிய விட்டுரும். கம்பெனி சிஸ்டம் விடாது. எங்க சந்தேகம் வருதோ, அந்த இடத்துல நம்ம ஊருல அதிகம் பேரு என்ன சொல்லுவாங்களோ அதப் போட்டு நிரப்பிரும். புருஷன் பொண்டாட்டிய என்ன கேப்பான்? சாப்பிட்டியான்னு கேப்பான். ஆடி மாசத்துல புதுச் சாமானைப் பிரிக்கட்டுமான்னு கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"எல்லாமே அப்படித்தானா?"

"எது அவரு, எது பொட்டின்னு இனி யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாதுக்கா. கம்பெனிக்கே தெரியாது."

"உங்களுக்கு மொதல்லயே தெரியும். டீ குடிக்கறப்பவே தெரியும்." என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "ஏன் சொல்லலை?"

அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க அத்தா மவுத்துக்கு மொத நாள்கூட நல்லா இருக்கேன்னுதான்க்கா சொன்னாரு. நாங்களும் நம்பி பிரியாணி ஆக்கிச் சாப்பிட்டோம். இதச் சொன்ன வீட்டுல எல்லாம் பாதிப் பேரு, வேண்டாங்க, எங்களுக்கு அந்தப் பழைய குரலே போதும்னுட்டாங்க. அதுக்கப்புறம் நான் யாருகிட்டயும் சொல்றதில்லை."

அவரைத் திட்டத்தான் நினைத்தேன். டப்பாவில் கேசரி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் பழைய பெட்டியைத் திரும்ப மாட்டினேன். இன்னும் இரண்டு வாரம் அதற்கு உயிர் இருந்தது. மாட்டியதும், "சாப்பிட்டியா தமயந்தி?" என்றது. நான் பெட்டியைப் பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தேன். இறுக மூடியிருந்தது. சொட்டு மருந்து புட்டியை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

அன்றிலிருந்து கண்ணைப் பார்த்துத்தான் எல்லாம். முதுகு வலிக்குதா, திறந்த கண். இடது பக்கம் திருப்பட்டுமா, மூடிய கண். வலது பக்கம், திறந்த கண். டிவி வேண்டுமா, மூடிய கண். ஆறு வருஷமாகக் காலை முதல் மாலை வரை பக்திப் பாட்டு சேனலை வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறேன். சாமி அலமாரியை மறுபடி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிடட்டுமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். கண் மூடியது. ஏன் மூடியது என்று கேட்க, ஆமாம் இல்லை போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மிதுனா கூப்பிட்டாள். பெட்டி அவளிடம், "நல்லா இருக்கியா கண்ணு?" என்றது. நான் அந்தக் கண்ணைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டேன். அவளிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அவளுடைய அப்பா அவளோடு பேசிவிட்டார் என்கிற நிம்மதியில் அவள் இரண்டு பிள்ளை பெற்றுவிட்டாள். அதைப் போய் நான் எப்படிப் பிடுங்குவேன்?

ஆகஸ்ட் கடைசி நாள் பகலில் பெட்டியின் நீல விளக்கு கடைசியாகச் சுழன்றது. "இத்தனை ஆண்டுகள் எங்களுடன் இணைந்திருந்தமைக்கு நன்றி. தங்கள் அனுபவத்தை ஐந்து நட்சத்திரங்களுக்கு மதிப்பிடுங்கள்" என்றது. அதையும் அவர் குரலிலேயே சொல்லிவிட்டு நின்றுபோனது.

இப்போது வீட்டில் சத்தம் இல்லை. முருகனுக்கு இடது பக்கம் இன்னொரு பெட்டி, முத்திரை உடையாமல், குங்குமப் பொட்டோடு இருக்கிறது. அதில் பத்து நிமிஷம் இருக்கிறது. எப்படி மாட்டுவது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று இம்தியாஸ், தன் சிஸ்டத்தை ஒரு பென் டிரைவில் போட்டு வைத்து, எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைத் திறந்தால் என் வீட்டுக்காரர் அந்த ஒன்றைச் சொல்லிவிடுவார்.

அது என்னவாக இருக்கும் என்று கடையில் உட்கார்ந்துகொண்டு யோசிக்கிறேன். மிதுனாவை மன்னித்துவிட்டேன் என்பதாக இருக்கலாம். மன்னிக்கவே மாட்டேன் என்பதாகவும் இருக்கலாம். பீரோ சாவி எங்கே என்பதாக இருந்தால் முருகனுக்கு மொட்டை போட்டுக்கொள்வேன். ஆனால் ஆறு வருஷம் முதுகு வலியோடு, பக்திப் பாட்டைக் கேட்டுக்கொண்டு, கண்ணை மூடி மூடிப் பார்த்தும் சொட்டு மருந்துதான் கிடைத்த ஒரு மனுஷன் பொண்டாட்டியிடம் கேட்கக்கூடியது ஒன்று உண்டு. வயிற்றுக் குழாயைப் பற்றியது, இனி அது வேண்டாம் என்பது. அவர் அதைக் கேட்டுவிட்டால், கேட்காத மாதிரி என்னால் இருக்க முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. அவசர ஆத்திரத்துக்கு இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அது பொய் என்று தெரிந்தே.

நேற்று குழாயில் கஞ்சி விட்டுக்கொண்டிருந்தபோது அவர் பார்வை அலமாரியிலேயே நின்றது. சாமியைப் பார்க்கிற ஆள் இல்லை அவர். நான் குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அந்தப் பொட்டியப் பிரிக்கோணுங்களா?"

கண்ணைப் பார்த்தேன். திறந்திருந்தது. நான் எண்ணிக்கூடப் பார்த்தேன், முப்பது வரைக்கும். சிமிட்டவே இல்லை. ஓரத்தில் தண்ணீர் கோத்து, கன்னத்தில் இறங்கி, காதுக்குள் போனது. அப்போதும் மூடவில்லை.

நான் சேலைத் தலைப்பால் அவர் காதைத் துடைத்துவிட்டேன். போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"புரட்டாசி பொறந்துருச்சுங்க," என்றேன். "புரட்டாசி போகட்டும்."